வெளிச்சம் வரக் கூடாது, காற்று வர வேண்டும்: வீட்டு டார்க் ரூமுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை வீட்டில் ஒரு டார்க் ரூம், அதாவது இருட்டறை அமைத்து, ஃபிலிமிலிருந்து ஃபோட்டோ பிரிண்ட் போட்ட அன்று என் ஏற்பாடு மிக எளிமையாக இருந்தது. ஸ்டோர் ரூம் ஜன்னலில் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து ஆணியடித்தேன். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. மூன்று ட்ரேக்களை வரிசையாக வைத்து, பிரிண்ட் பேப்பரைக் கெடுக்காத சிவப்பு விளக்கை (சேஃப்லைட்) போட்டுக்கொண்டு, இரண்டரை மணி நேரம் குனிந்தபடியே நின்றேன். ஐந்து பிரிண்ட் தேறியது. வெளியே வந்தபோது தொண்டை கரகரத்தது, நெற்றிப்பொட்டு தெறித்தது. "என்னடா, ஊறுகாய் ஜாடி கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை?" என்று அம்மா கூடத்திலிருந்து கேட்டார். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

பிரச்சினையே அதுதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு எந்த வாடைக்கும் பழகிவிடும். "எனக்கு ஒன்றும் நாறவில்லையே" என்பதை வைத்து டார்க் ரூமின் காற்றை எடை போடக் கூடாது. ஐந்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன தெரிகிறதோ அதுதான் அந்த அறையின் உண்மையான நிலவரம்.

அந்த நாளுக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் கடையில் இருந்ததிலேயே பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கி மாட்டியது. அதிலும் தலைவலி போகவில்லை. ஃபேன் எவ்வளவு பெரியது என்பதைவிட, காற்று எங்கே நுழைந்து, எதன் மேல் தவழ்ந்து, எங்கே வெளியேறுகிறது என்பதுதான் முக்கியம் என்று புரிய இன்னும் ஆறு மாதம் ஆனது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும்.

ஃபேன் வாங்கும் முன்: வாடையைக் குறையுங்கள்

கறுப்பு வெள்ளை பிரிண்டுக்கு மூன்று ட்ரே. படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர், அந்த வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர். நம்மூர் பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஃபிக்ஸரை ஹைப்போ என்றே சொல்வார்கள்.

டெவலப்பர் கரைசலாக இருக்கும்போது அவ்வளவாக ஆவியாவதில்லை. அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பொடியாக இருக்கும்போது மூக்கில் ஏறும், கரைசலாக இருக்கும்போது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். குறிப்பாக அதில் சேர்க்கப்படும் மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்கு ஆகவே ஆகாது. விரலை விட்டு அலசாமல் இடுக்கியோ நைட்ரைல் கையுறையோ பயன்படுத்துங்கள். பொடியைக் கலப்பதை அறைக்குள் செய்யாதீர்கள். பால்கனியில், ஃபேன் காற்று படாத இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, பொடியை மெதுவாகத் தண்ணீரில் சரித்துக் கலக்குங்கள். என்95 கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது என்பது நினைவிருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டால் காற்றோட்டம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்டாப் பாத்தில் இருப்பது அசிட்டிக் அமிலம். அம்மா மோப்பம் பிடித்த 'ஊறுகாய்' அதுதான். ட்ரேயில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் இருக்கும், சமையலறை வினிகரைவிடக் குறைவு. ஆனால் வினிகரை நாம் ஒரு அகலத் தட்டில் ஊற்றி, மூடிய அறையில் இரண்டு மணி நேரம் வைத்து, அதன் மேல் குனிந்துகொண்டு நிற்பதில்லையே.

மூன்றாவது ட்ரேதான் நிஜமான வில்லன். அமிலத்தன்மை உள்ள ஃபிக்ஸரிலிருந்து கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். தீக்குச்சியைக் கிழித்தவுடன் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த நெடிதான். ஸ்டாப் பாத்திலிருந்து சொட்டச் சொட்ட பேப்பரை எடுத்து ஃபிக்ஸரில் போட்டால் அமிலம் கூடும், நெடியும் கூடும். பேப்பரை ஒரு மூலையில் பிடித்து பத்து விநாடி வடிய விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வாயு இழுப்பைக் கிளப்பிவிடும். வீட்டில் அப்படி யாராவது இருந்தாலோ, கர்ப்பிணிகள் இருந்தாலோ, டார்க் ரூம் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செலவே இல்லாத மாற்றம் ஒன்று உண்டு. அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம். வேலையும் அதே மாதிரி செய்யும், வாடை சுத்தமாக இல்லை. ஒரே குறை, பாட்டிலில் எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டியதுதான். ஃபிக்ஸரிலும் வாடை குறைந்த, நடுநிலைத் தன்மை கொண்ட வகைகள் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் முடிந்தால் அதை வாங்குங்கள் என்பேன்.

இன்னொன்று, ஃபிலிம் கழுவ மட்டுமே ஆசை என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. வெளிச்சம் புகாத பையான சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டு ஃபிலிமை வெளிச்சம் புகாத டேங்கில் ஏற்றிவிட்டால், மிச்சத்தையெல்லாம் பால்கனியில் பகல் வெளிச்சத்தில் செய்யலாம். திறந்த ட்ரேக்களும் இருட்டும் சேர்ந்து தேவைப்படுவது பிரிண்ட் போடும்போதுதான்.

எந்த அறை?

பெரும்பாலும் பாத்ரூம் அல்லது ஸ்டோர் ரூம். தண்ணீர், வடிகால், சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் எல்லாம் இருப்பதால் பாத்ரூம் வசதி. ஆனால் இரண்டு விஷயங்களில் நான் கறாராக இருப்பேன்.

கேஸ் கீசர் உள்ள பாத்ரூம் வேண்டவே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுக்கும்போது, வெளியே போக வேண்டிய கீசர் புகையும் உள்ளே திரும்பக்கூடும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுத்த அறையில் கேஸ் கீசர் இருந்தாலும் ஃபேன் ஓடும் நேரத்தில் அதைப் பற்றவைக்கக் கூடாது.

இரண்டாவது, பாத்ரூம் ஆசிட். தரை கழுவ வாங்கி வைத்திருக்கும் அந்த பாட்டிலை அறையை விட்டே வெளியேற்றுங்கள். ஹைப்போவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கரைசல் பால் மாதிரிக் கலங்கும் சோதனையைப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள். குடுவைக்கு அடியில் பேப்பரில் போட்ட பெருக்கல் குறி மறைய எத்தனை விநாடி என்று கணக்கு எடுப்போம். அந்தக் கலங்கல் கந்தகம், கூடவே வருவது கந்தக டை ஆக்சைடு. அதே சோதனை உங்கள் பாத்ரூம் தரையில் லிட்டர் கணக்கில் நடக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் கிளம்பும், அதையும் வெளியே வையுங்கள்.

அடுக்குமாடி வீடு என்றால் வென்டிலேட்டர் எங்கே திறக்கிறது என்று எட்டிப் பாருங்கள். பல கட்டடங்களில் எல்லா பாத்ரூமும் ஒரே ஷாஃப்டுக்குள் திறக்கும். நீங்கள் வெளியேற்றுவது மேல்மாடிக்காரர் குளிக்கும் நேரத்தில் அவர் மூக்குக்குப் போய்ச் சேரும். அப்படியானால் திறந்த வெளிக்கு பைப் போட வேண்டும், அல்லது வேறு அறை பார்க்க வேண்டும்.

கணக்கு: எவ்வளவு காற்று?

டார்க் ரூமுக்கு மணிக்கு பத்து தடவையாவது அறைக் காற்று முழுதும் மாற வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. என் அறை 8 அடி நீளம், 6 அடி அகலம், 9 அடி உயரம். பெருக்கினால் 432 கன அடி. பத்து தடவைக்கு 4320 கன அடி. அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 72 கன அடி, அதாவது 72 சிஎஃப்எம். நம்மூர் ஃபேன் பெட்டிகளில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். சிஎஃப்எம் எண்ணை 1.7 ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். 72-க்கு சுமார் 122 கன மீட்டர்.

பெட்டியில் இருக்கும் எண், முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாமல் ஃபேன் சுற்றும்போது வரும் எண். வெளிச்சத்தடுப்பு, வலை, பைப் வளைவு என்று நாம் போடும் ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைத் தின்னும். அதனால் கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு பார்த்து வாங்குங்கள். என் அறைக்கு 240 முதல் 250 கன மீட்டர். ஆறு அங்குல ஃபேனே போதும். பிளாஸ்டிக் இறக்கை உள்ளது நல்லது, அமில ஆவியில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஸ்பிளிட் ஏசி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. வாடையைக் குளுகுளு வாடையாக்கும், அவ்வளவுதான். சாதாரண கார்பன் ஃபில்டர் வைத்த ஏர் பியூரிஃபையரையும் நம்ப வேண்டாம். கந்தக டை ஆக்சைடும் அம்மோனியாவும் அதில் சரியாகப் பிடிபடாது.

காற்றின் பாதை

என் முதல் ஃபேன் ஏன் உதவவில்லை? வென்டிலேட்டர் ஏழடி உயரத்தில். ட்ரேக்கள் மூன்றடி உயரத்தில். நடுவில் என் முகம். ட்ரேயிலிருந்து கிளம்பும் ஆவியை ஃபேன் கடமை தவறாமல் மேலே இழுத்தது, என் மூக்கு வழியாக. வாடையை எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் வெளியே அனுப்பியது.

கந்தக டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, எனவே ஃபேனைத் தரையோரம் வையுங்கள் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. கனமானது என்பது சரிதான். ஆனால் இவ்வளவு சொற்ப அளவில் அது காற்றோடு கலந்துவிடும், காற்று போகும் பக்கம்தான் போகும். தரைக்கும் வேண்டாம், கூரைக்கும் வேண்டாம். ட்ரேயின் விளிம்புக்குச் சற்று மேலே, உங்களுக்கு எதிர்ப்புறச் சுவரில்தான் இழுக்க வேண்டும். சுத்தமான காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, உங்களைத் தாண்டி, ட்ரேக்களின் மேல் தவழ்ந்து, எதிர்ச்சுவரில் மறைந்துவிட வேண்டும்.

ட்ரேக்கு மிக அருகில் இழுக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓர் அடி தள்ளி நின்று மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா, முயன்று பாருங்கள். ஊதும் காற்று நேராகப் போகும், உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கமிருந்தும் வரும். ஒரு வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவை வேகம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். நாலடி மேலே இருக்கும் ஃபேனுக்கு ட்ரே இருப்பதே தெரியாது.

பொய்ச்சுவர்

வென்டிலேட்டர் மேலே, இழுக்க வேண்டியது கீழே. இதற்கு நான் செய்தது ஒரு பொய்ச்சுவர். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ட்ரே மேஜையை வென்டிலேட்டர் உள்ள சுவரை ஒட்டிப் போட்டுவிடுங்கள். ஃபேனை வென்டிலேட்டரில் மாட்டி, சுற்றியுள்ள இடைவெளியைப் பலகையாலும் சிலிகானாலும் அடையுங்கள். இப்போது சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, மூன்றடி அகலத்தில், ஃபேனுக்கு மேலிருந்து ட்ரே மட்டம் வரை ஒரு பலகை. மூன்று அங்குல ரீப்பர் கட்டைகளைச் சுவரில் அடித்து அதன் மேல் பலகையை முடுக்கலாம். ஃபேனின் மோட்டார் உள்ளே மூன்று அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கேற்ப இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல் பக்கமும் இரு ஓரமும் முழுக்க அடைப்பு. கீழே மட்டும் திறப்பு, அதையும் ஒரு பட்டை வைத்து ஓர் அங்குல இடுக்காகக் குறுக்கிவிடுங்கள். ட்ரேயின் பின் விளிம்புக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே அந்த இடுக்கு நீளமாக ஓட வேண்டும். ஆக, பழைய விறகடுப்புப் புகைக்கூண்டைச் சப்பையாக்கிச் சுவரில் ஒட்டிய மாதிரி ஒன்று.

மேலே ஃபேன் சுற்றினால், காற்று கீழே உள்ள இடுக்கு வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். 36 சதுர அங்குலத் திறப்பில் மணிக்கு 122 கன மீட்டர் இழுத்தால், விநாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்கு வேகம் வரும். இந்த வேலைக்கு நான் அமர்த்திய ஆசாரி இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "மேல ஃபேனை மாட்டிட்டு அதையே பலகை போட்டு மூடுறீங்களே சார், காத்து எப்படிப் போகும்?" என்றார். முடித்த பிறகு கீழே இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டினேன். சப்பென்று ஒட்டிக்கொண்டது. "அட" என்றார்.

சமையலறை அலமாரிக்குப் போடுகிற பிவிசி போர்டு இதற்குப் பொருத்தம். ஈரத்தில் ஊறாது, அமில ஆவிக்கும் அசையாது. ப்ளைவுட் என்றால் தண்ணீருக்குத் தாங்குகிற வகையாக வாங்குங்கள். பலகையை முடுக்குவதற்கு முன் அதன் உட்புறத்துக்கும் பின்னால் மறையப்போகும் சுவருக்கும் கரும்பலகை பெயிண்ட் அடித்துவிட வேண்டும். முடுக்கிய பிறகு தூரிகை போகாது. இதை நான் மறந்து, எல்லாத் திருகாணிகளையும் கழற்றி மறுபடி ஆரம்பித்தேன்.

பெயிண்ட் எதற்கு? இந்தப் பொய்ச்சுவரே வெளிச்சத்தடுப்பாகவும் வேலை செய்கிறது. ஃபேன் வழியாக நுழையும் வெளிச்சம் பலகையில் மோதி, நாலடி கீழே இறங்கி, இடுக்கில் திரும்பித்தான் அறைக்குள் வர முடியும். மேட் கறுப்பு தன் மேல் படும் வெளிச்சத்தில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொண்டால், மூன்று மோதலில் எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பளபளக்கும் கறுப்பு வேண்டாம், அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் கடத்திவிடும்.

ட்ரே வைக்கும் சுவரில் வென்டிலேட்டர் இல்லை என்றால் பைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி பைப்பே போதும், ஆறு அங்குலம் நல்லது. இரண்டு எல்போ வளைவுகளை உள்ளே கறுப்பாக்கி மாட்டினால் வெளிச்சமும் நின்றுவிடும். ஆனால் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் பைப்பில் திணறும். பைப்புக்கு நடுவில் மாட்டுகிற டக்ட் ஃபேன் வாங்க வேண்டியிருக்கும். நான்கு அங்குல பைப்பிலும் ஓட்டலாம், இரைச்சல் கூடும்.

உள்ளே வரும் வழி

ஃபேன் வாங்குகிற எல்லோரும் மறப்பது இதைத்தான். வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். எல்லா இடுக்கையும் வேட்டியால் அடைத்த அறையில் ஃபேன் சும்மா சுற்றும், சத்தம் வரும், காற்று நகராது.

கதவின் கீழ்ப்பகுதியில், ட்ரேக்களுக்கு எதிர்ப்புறமாக, குறைந்தது 12-க்கு 6 அங்குலம் ஒரு திறப்பு வெட்டுங்கள். என் கணக்குக்கு இது போதும், பெரிதாக இருந்தாலும் நஷ்டமில்லை. அதன் உட்புறம் ஆழம் குறைந்த ஒரு பெட்டி, உள்ளே ஒன்றை ஒன்று மறைக்கும்படி மேலிருந்து ஒரு பலகை, கீழிருந்து ஒரு பலகை. பலகைகளுக்கு இடையே இரண்டு அங்குலம் இடைவெளி, ஒன்றன் மேல் ஒன்று ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். பாம்பு மாதிரி நெளிந்துதான் காற்று உள்ளே வரும், வெளிச்சம் நெளியத் தெரியாமல் நின்றுவிடும். இதற்கும் அதே கரும்பலகை பெயிண்ட்.

வாடகை வீட்டுக் கதவை அறுக்க முடியாதவர்கள் இரவில் வேலை செய்யுங்கள். கதவை அரையடி திறந்து வைத்து, நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு கனத்த கறுப்புத் திரைகள், ஒன்று இடதுபக்கம் திறப்பு விட்டு, மற்றது வலதுபக்கம். கூடத்து விளக்கை அணைக்க வீட்டார் சம்மதிக்க வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான பாகம்.

திறப்பின் வெளிப்பக்கம் ஒரு தூசி வடிகட்டி வையுங்கள். காரின் ஏசிக்குப் போடும் ஃபில்டர் அளவாக இருக்கும். இல்லாவிட்டால் ஃபேன் வீட்டுத் தூசியையெல்லாம் இழுத்து வந்து உங்கள் நெகட்டிவில் போடும், பிரிண்டில் வெள்ளைப் புள்ளிகளாக எண்ணிக்கொண்டிருக்கலாம். தூசிக்குப் பயந்து, காற்றை வெளியே இழுப்பதற்குப் பதில் வடிகட்டி உள்ளே தள்ளுகிற ஏற்பாட்டைச் சிலர் விரும்புவார்கள். தனிக் கட்டடம் என்றால் சரி. குடும்பத்தோடு இருக்கும் வீட்டில் அது அறையின் வாடையை ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் கூடத்துக்குத் தள்ளும். வீட்டில் நிம்மதி வேண்டுமென்றால் வெளியே இழுப்பதே மேல்.

சென்னை வெயிலுக்கு ஒரு தந்திரம். டார்க் ரூம் கதவு ஏசி உள்ள படுக்கையறைக்குள் திறக்குமானால், அந்த அறையின் குளிர்ந்த, ஈரம் குறைந்த காற்றே கதவுத் திறப்பு வழியாக உள்ளே வரும். டெவலப்பரை 20 டிகிரியில் வைத்திருக்கப் படும் பாடு குறையும். மே மாத மதியத்தில் 33 டிகிரிக் காற்றை இழுத்துக்கொண்டு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டேன். ட்ரேயும் சூடு, நெடியும் இரட்டிப்பு.

சோதித்துப் பார்ப்பது

முதலில் வெளிச்சம். வெயில் நன்றாக அடிக்கும் மதியத்தில், விளக்கை அணைத்துவிட்டு பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் கும்மிருட்டாகத்தான் தெரியும். ஏழெட்டு நிமிடத்துக்குப் பிறகுதான் ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி ஒவ்வொன்றாக முளைக்கும். பென்சிலால் குறித்து வைத்து, பின்னால் அடையுங்கள். அப்புறம் ஒரு துண்டு பிரிண்ட் பேப்பரை மேஜையில் வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஃபேன் ஓட, சேஃப்லைட் அணைந்திருக்க, பத்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் எங்கோ இன்னும் கசிகிறது.

அடுத்து காற்று. இதற்கு ஊதுபத்தியைவிட நல்ல கருவி எதுவும் கிடையாது. விளக்கைப் போட்டு, ட்ரேக்களில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஃபேனை ஓட விட்டு, பத்து நிமிடம் கழித்து ஊதுபத்தியை ட்ரேயின் முன் விளிம்பில் பிடியுங்கள். புகை படுத்துக்கொண்டு, தண்ணீர் மேல் தவழ்ந்து, பின்னால் உள்ள இடுக்குக்குள் நுழைய வேண்டும். எழும்பி உங்கள் முகத்துக்கு வந்தால் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் உள்ளே வரும் வழி சிறிதாக இருக்கும், அல்லது இடுக்கின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். மூன்று ட்ரேக்கும் தனித்தனியாகப் பாருங்கள். என் அறையில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த ட்ரேயில் இழுவை பலமாகவும், ஓரத்து ட்ரேயில் சோம்பலாகவும் இருந்தது. நடுப்பகுதி இடுக்கை அரை அங்குலமாகக் குறைத்ததும் சமமானது. அதற்குப் பிறகும் ஃபிக்ஸர் ட்ரேயை நடுவிலேயே வைக்கிறேன்.

கடைசியாக என்லார்ஜர், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கி பேப்பரில் விழ வைக்கும் கருவி. ஒரு டம்ளர் தண்ணீரை அதன் அடிப்பலகையில் வைத்து ஃபேனைப் போடுங்கள். தண்ணீர் நடுங்கினால் உங்கள் பிரிண்டும் நடுங்கும். என்லார்ஜரை வேறு சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள், அல்லது ஃபேனுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் வையுங்கள். காற்று நுழையும் திறப்புக்கு நேர் எதிரேயும் என்லார்ஜர் வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வரி: ஈரக் கையும் சுவிட்சும் ஒரே அறையில் இருப்பதால், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இந்த அறையில் எதையும் செருகாதீர்கள்.

வேலை செய்யும் நாளில்

ட்ரே நிரப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஃபேனைப் போடுங்கள். இடைவேளையில் டீ குடிக்கப் போகும்போது ட்ரேக்களை மூடுங்கள். அடுத்த அளவு பெரிய ட்ரேயைக் கவிழ்த்தாலே மூடிதான். முடிந்ததும் முதல் வேலை, கரைசல்களை பாட்டிலில் ஊற்றி மூடுவது. ட்ரேயில் ஃபிக்ஸரை விட்டுவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் இரவு முழுக்க ஓடினாலும் வாடை போகாது. காலி செய்த பிறகு இருபது நிமிடம் ஓடட்டும். மணிக்குப் பத்து மாற்றம் என்றால் ஒரு மாற்றத்துக்கு ஆறு நிமிடம். மூன்று மாற்றத்தில் பழைய காற்றில் சுமார் 5 சதவீதம்தான் அறையில் மிஞ்சியிருக்கும்.

கரண்ட் போனால்? ஃபேனும் நின்றுவிடும், விளக்கும் நின்றுவிடும். பேப்பர் டப்பாவை மூடு, ட்ரேக்களை மூடு, வெளியே வா. இருட்டுதானே, அப்படியே நிற்கலாம் என்று தோன்றும். நிற்காதீர்கள்.

தீர்ந்துபோன ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டாமல் தனி கேனில் சேர்த்து வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், பழைய ஃபிக்ஸரின் நெடி புதியதைவிட மோசம்.

டோனிங் மட்டும் மாடியில்

கறுப்பு வெள்ளை பிரிண்டைப் பழுப்பு நிறமாக்கும் செபியா டோனிங்கில் ஆசை வரும், எல்லோருக்கும் வரும். அதற்குத் தேவையான சோடியம் சல்பைடு கரைசலிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம், விஷம், அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மழுக்கிவிடும். போதாக்குறைக்கு டார்க் ரூமில் இருக்கும் பேப்பரையும் ஃபிலிமையும் வெளிச்சம் பட்ட மாதிரி மங்கலாக்கிக் கெடுக்கும். மேலே சொன்ன எந்த ஃபேனும் இதற்குப் போதாது, தேவையும் இல்லை. டோனிங்குக்கு இருட்டே வேண்டியதில்லை. ஃபிக்ஸ் செய்து நன்றாகக் கழுவிய பிரிண்ட் வெளிச்சத்துக்குப் பயப்படாது. ட்ரேக்களை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சல்பைடில் போடுவதற்கு முன் பிரிண்டை வெளுக்க வைக்கும் பிளீச் கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இருக்கும். அதை எந்த வலுவான அமிலத்தோடும் சேர விடாதீர்கள், சயனைடு வாயு கிளம்பக்கூடும். வாடையில்லாத தயோயூரியா டோனர்களும் உண்டு, புதியவர்களுக்கு அதுதான் ஏற்றது. செலினியம் டோனரில் அம்மோனியா நெடி தூக்கலாக இருக்கும், அதற்கும் மாடிதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஸ்டோர் ரூமில் ஒரு மழை நாளில் செபியா போட்டபோது. பக்கத்துச் சுவர் பூஜை அறை. இரண்டு நாள் கழித்து அம்மா வெள்ளிக் குத்துவிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அது பழுப்பேறி, ஓரங்களில் கறுத்துப் போயிருந்தது. பிரிண்டில் இருந்த வெள்ளி எப்படி வெள்ளி சல்பைடாகிப் பழுப்பானதோ, அப்படியே விளக்கும் ஆகியிருந்தது. மாடியில் போடும்போதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கொடியில் காயும் துணிகளுக்கு எதிர்ப்பக்கமாக ட்ரேயை வையுங்கள்.